ஒபாமா வந்தார்... வட்டம் சுற்றியது!

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பைக்குக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல், வாசலில் நின்றபடியே கத்தினான் என் சித்தப்பா பையன்.

"அண்ணே, பெரிய ஆர்டர் மாட்டியிருக்கு! மாவட்ட மாநாடு. நெட்ல லைவ் போடணுமாம். ஒரு லட்சம் பேர் பார்ப்பாங்களாம். எஸ்டிமேட் போட்டுக் குடுங்க."

தம்பிக்குத் தொழில் கல்யாண வீடியோ. இங்கே தாலி கட்டுவதை நியூஜெர்ஸியில் இருக்கும் மாப்பிள்ளையின் அக்காவுக்கு நேரடியாகக் காட்டுவதில் கில்லாடி. ஆனால் அதைப் பார்ப்பவர்கள் மிஞ்சிப் போனால் 80 பேர். அதிலும் பாதிப் பேர், யார் என்ன புடவை என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். லட்சம் பேர் என்றால்?

நான் வெறும் பி.காம். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டத் தெரியாது. ஆனால் கூட்டல் கழித்தல் வரும். அதனால் எங்கள் குடும்பத்தில் எந்த எஸ்டிமேட்டும் என் தலையில்தான் விடியும்.

"எதுல காட்டப் போறாங்களாம்?" என்றேன்.

"கட்சிக்குன்னு தனியா ஆப் ரெடி பண்றாங்கண்ணே. அதை டவுன்லோடு பண்ணி, போன் நம்பர் குடுத்து, ஓ.டி.பி. போட்டு உள்ளே வந்தாத்தான் மாநாடு தெரியும்."

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. 2009-ம் வருஷம், ஜனவரி 20-ம் தேதி, இரவு பத்தரை மணி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அண்ணாச்சி கடையில் அமெரிக்கா

அப்போது எனக்கு 22 வயசு. திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அசிஸ்டெண்ட். தங்கியிருந்தது மேன்ஷனில். அங்கே டி.வி. கிடையாது. மெஸ்ஸில் உண்டு, ஆனால் ரிமோட் மாமி கையில்.

"மாமி, இன்னிக்கு அமெரிக்காவுல புது ஜனாதிபதி பதவி ஏத்துக்கறார்..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏத்துக்கட்டுமே" என்றார் மாமி, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒபாமா மேல் எனக்கு அப்படி என்ன பிடிப்பு என்கிறீர்களா? பெரிய அரசியல் ஞானமெல்லாம் இல்லை. ஒரு கறுப்பினத்தவர் முதல் முறையாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார். அந்த நிமிஷத்தை நானும் பார்த்தேன் என்று பிற்பாடு நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

வாஷிங்டனில் பகல் 12 என்றால் நமக்கு ராத்திரி பத்தரை. பிரௌசிங் சென்டர் அண்ணாச்சியைக் கெஞ்சிக் கூத்தாடி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மணிக்கு 15 ரூபாய்.

பதவியேற்பு விழாக் கமிட்டியின் சொந்த வெப்சைட்டைத் திறந்தேன். படம் வரவில்லை. 'சில்வர்லைட்' என்ற சாஃப்ட்வேரை முதலில் போட்டுக்கொள் என்றது. சரி, போட்டுக்கொள்வோம் என்று அமுக்கினால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டது.

"அண்ணாச்சி, பாஸ்வேர்டு என்ன?"

"அது மருமவனுக்குத்தான் தெரியும்."

"அவர் எங்கே?"

"பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் இன்னும் வரல."

ஆக, அமெரிக்க ஜனாதிபதிக்கும் எனக்கும் குறுக்கே அண்ணாச்சியின் மருமகன் நின்றுகொண்டிருந்தார். அதுவும் திசையன்விளையில்!

அடுத்து சி.என்.என். வெப்சைட். அது ஃப்ளாஷில் ஓடியது. ஃப்ளாஷ் அண்ணாச்சி கடையில் ஏற்கெனவே இருந்தது, யூ டியூப் பார்க்க வருகிறவர்களின் புண்ணியத்தில். ஆனால் உள்ளே விடாமல் வரிசையில் காத்திருக்கச் சொன்னது. ரேஷன் கடையில் நின்ற அனுபவம் கை கொடுத்தது. நின்றேன்.

ஒரு வழியாகப் படம் வந்தது. கலர் கலராகச் சதுரங்கள். உற்றுப் பார்த்தால் ஒபாமா. கையை உயர்த்தினார். பிரமாணம் ஆரம்பித்தது. நடுவில் திக்கியது.

"என்ன அண்ணாச்சி உங்க நெட்டு, பிரமாணமே சிக்குது!" என்றேன்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நெட்டெல்லாம் நல்லாத்தாம்யா இருக்கு. அந்தாளுக்கு மனப்பாடம் பத்தல."

மறுநாள் பேப்பரைப் பார்த்தால் அண்ணாச்சி சொன்னது பாதி சரி! பிரமாணத்தைச் சொல்லிக் கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு வார்த்தையை இடம் மாற்றிச் சொல்லியிருக்கிறார். ஒபாமா தயங்கி நின்றிருக்கிறார். எதற்கு வம்பு என்று ஜனவரி 21 அன்று வெள்ளை மாளிகையில், டி.வி. கேமரா இல்லாமல், மறுபடி ஒரு தடவை பிரமாணம் எடுத்துக்கொண்டார். உலகமே பார்த்த விழாவில் சிக்கியது நெட் அல்ல, நீதிபதி!

ஆனால் என் மனசில் நின்றது அந்தப் பாஸ்வேர்டுதான். அங்கே யாரோ ஒரு ரூமில் உட்கார்ந்து 'இந்த சாஃப்ட்வேரில் காட்டலாம்' என்று கையெழுத்துப் போட்டதற்கு, தில்லைநகரில் நான் வெளியே நிற்க வேண்டியிருந்ததே!

மெஸ் சர்வரின் சாமர்த்தியம்

அவர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முட்டாள்தனமான முடிவு என்று சொல்லிவிட முடியாது.

2008 ஆகஸ்டில் டென்வர் நகரத்தில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு 4 நாள் நடந்தது. ஒபாமாவை வேட்பாளராக அறிவித்த மாநாடு. டி.வி. சேனல்கள் முக்கியமான பேச்சை மட்டும்தான் காட்டும். கட்சிக்கோ முதல் மணியடித்ததிலிருந்து கடைசிக் கைதட்டல் வரை, அதுவும் பளிச்சென்று, நெட்டில் காட்ட ஆசை. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டும், மூவ் நெட்வொர்க்ஸ் என்ற கம்பெனியின் வித்தையும் சேர்ந்து அதைச் செய்தன. அதே மாசம் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை என்.பி.சி. நெட்டில் காட்டியதும் சில்வர்லைட்டில்தான்.

அது என்ன வித்தை? எங்கள் மெஸ்ஸில் ஒரு சர்வர் இருந்தார். வேகமாகச் சாப்பிடுகிறவன் இலையில் கரண்டி கரண்டியாக விழும். மெதுவாகச் சாப்பிடுகிறவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. யார் இலையும் காலியாகாது, யார் இலையும் வழியாது. அதே கதைதான். வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் தயாராக வைத்துவிடுவார்கள். உங்கள் லைன் வேகமாக இருந்தால் நல்ல துண்டு. மந்தமானால் அடுத்த துண்டு கொஞ்சம் மங்கலாக வரும், ஆனால் நிற்காது. அந்தச் சாமர்த்தியம் ஃப்ளாஷுக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

ஆக, சமையல் பிரமாதம். சிக்கல் எங்கே என்றால், சாப்பிட வருகிறவன் இலையையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும்! அதுவும் எல்லாருக்கும் கிடைக்காத இலை. லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு சில்வர்லைட்டே கிடையாது. மைக்ரோசாஃப்ட் பொருளை வாங்கக் கூடாது என்று கொள்கையாக ஒதுங்கி நிற்கிற ஜாதி அது. அவர்களிடம் போய் 'நம் ஜனாதிபதியைப் பார்க்க மைக்ரோசாஃப்ட் வழியாக வா' என்றால்? சத்தம் போட்டார்கள். கடைசி நேரத்தில், 'மூன்லைட்' என்ற பெயரில் லினக்ஸுக்கு மாற்று தயாரித்துக்கொண்டிருந்தவர்கள், பதவியேற்புக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து வேலை பார்த்து ஒரு வழி செய்து கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட்காரர்களே அதற்கு ஒத்தாசை செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

சி.என்.என். பக்கம் வேறு மாதிரி வில்லங்கம். அங்கே ஃப்ளாஷுடன் 'ஆக்டோஷேப்' என்ற கூடுதல் சமாசாரம் ஒன்றையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டால், நீங்கள் பார்க்கும் படத்தை உங்கள் கம்ப்யூட்டரே இன்னொருவருக்கும் அனுப்பும். பந்தியில் உட்கார்ந்தவனிடமே வாளியைக் கொடுத்து, பக்கத்து இலைக்கும் கொஞ்சம் போடு என்கிற ஏற்பாடு. சி.என்.என்.னுக்குச் செலவு மிச்சம். ஆனால் லைன் உங்களுடையது, பில் உங்களுடையது. 'சரி' பட்டனை அமுக்கியவர்களில் எத்தனை பேருக்கு இது புரிந்திருக்கும் என்ற கேள்வி பிற்பாடு எழுந்தது.

ஒரு தலைக்கு எவ்வளவு?

கெட்டிக்காரர்கள் எதற்கு இந்தக் குறுக்கு வழியெல்லாம் தேடினார்கள்? அங்கேதான் என் பி.காம். வருகிறது.

டி.வி.யில் ஒருவர் கூடுதலாகப் பார்த்தால் சேனலுக்கு ஒரு பைசா அதிகச் செலவு இல்லை. டவரிலிருந்து போகிற அலை போய்க்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கு அமெரிக்காவில் டி.வி.யில் பார்த்தவர்கள் சுமார் 3 கோடியே 80 லட்சம் பேர். ஒரு டவரும் மூச்சு வாங்கவில்லை.

நெட் அப்படி இல்லை. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு காப்பி போக வேண்டும். கூட்டம் சேரச் சேர நஷ்டம் ஏறுகிற வியாபாரம் இது ஒன்றுதான்!

தம்பியின் மாநாட்டுக்கே கணக்குப் போட்டேன். சுமாரான படத்துக்கு வினாடிக்கு 500 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 225 எம்.பி. மாநாடு 3 மணி நேரம் என்றால் தலைக்கு 675 எம்.பி. லட்சம் பேருக்கு 67,500 ஜி.பி. லட்சம் பேரும் ஒரே சமயத்தில் வந்தால் வினாடிக்கு 50 ஜிகாபிட் அகலத்தில் குழாய் வேண்டும். தம்பியிடம் இருப்பது வீட்டு பிராட்பேண்ட்!

இதற்குத்தான் நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது. ஆவின் பால் பண்ணைக்கு நாம் யாரும் போவதில்லை. தெருமுனை பூத்தில் வாங்குகிறோம். அதே போல ஊர் ஊராக சர்வர்களை வைத்து, வீடியோவின் காப்பியைப் பக்கத்திலிருந்து கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. அதில் பெரிய கை, ஆகமாய். ஒபாமா பதவியேற்ற அந்த நேரத்தில் ஆகமாய் வழியாக ஒரே சமயத்தில் ஓடிய வீடியோக்கள் 70 லட்சத்துக்கு மேல். வினாடிக்கு 2 டெராபிட்டுக்கு மேல் போக்குவரத்து. வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 300 கிலோபிட் அளவுதான் தேறுகிறது. எனக்கு ஒபாமா சதுரமாகத் தெரிந்ததற்கு அண்ணாச்சியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை!

சி.என்.என்.னில் மட்டும் உச்சக் கட்டத்தில் ஒரே நேரத்தில் 13 லட்சம் பேர். அன்றைய மொத்தக் கணக்கு 2 கோடியைத் தாண்டியது. அந்த 13 லட்சத்தில் ஒருவன் அடியேன்.

எங்கே போனார்கள் அந்த ஜாம்பவான்கள்?

அப்போது சில்வர்லைட்டா, ஃப்ளாஷா என்று அடித்துக்கொண்டார்கள். ரஜினி, கமல் ரசிகர் சண்டை தோற்றுவிடும். முடிவு என்ன தெரியுமா? இரண்டு பேருமே இன்று இல்லை.

2007-ல் வந்த ஐபோன், ஃப்ளாஷை உள்ளேயே விடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஏன் விடவில்லை என்று பகிரங்கமாக ஒரு கடிதமே எழுதினார். 2015-ல் குரோம், இந்த மாதிரி ஒட்டுச் சாஃப்ட்வேர்களுக்குக் கதவைச் சாத்தியது. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. 2021 அக்டோபர் 12-ம் தேதி சில்வர்லைட்டுக்கு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டது.

ஆனால் ஒன்று. மெஸ் சர்வரின் சாமர்த்தியம் சாகவில்லை. 2009-ல் ஆப்பிள் அதைத் தன் பாணியில் கொண்டுவந்தது. 2012-ல் அதற்கு உலகப் பொது முறையே வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் போனில் கிரிக்கெட் பார்க்கும்போது படம் மங்கி மங்கித் தெளிகிறதே, அது டென்வரில் பரிமாறிய அதே சமையல்தான். இப்போது இலையைத் தேடி அலைய வேண்டாம். பிரௌசரிலேயே இருக்கிறது. பொருள் நிலைத்தது, பூட்டுதான் போனது.

பூட்டுப் போனதால் பிரச்னையும் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. 2023 மே 24 அன்று அமெரிக்க அரசியல்வாதி ரான் டிசான்டிஸ், ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதாக ட்விட்டரில் எலான் மஸ்க்குடன் பேசி அறிவித்தார். படம் கூட இல்லை, வெறும் குரல். கூட்டம் தாங்காமல் அதுவே கழன்று கழன்று விழுந்தது. மறுநாள் பேப்பரில் அவர் கொள்கையை விட அந்தக் கோளாறுதான் பெரிசாக வந்தது. 2024 ஆகஸ்ட் 12 அன்று ட்ரம்புடன் மஸ்க் பேசியபோது சுமார் 40 நிமிஷம் தாமதம். யாரோ வேண்டுமென்றே தாக்கினார்கள் என்றார் மஸ்க். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மேடை ஒன்றுதான், வாசல் ஒன்றுதான் என்றால், அந்த வாசல் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

எஸ்டிமேட்டின் பின்பக்கம்

தம்பிக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்த பேப்பரின் பின்பக்கத்தில் கட்சிக்காரர்களிடம் கேட்க 4 கேள்விகள் எழுதினேன்.

1. பார்க்க வருகிறவரிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்தே பார்க்க முடியுமா? புதிதாக எதையாவது போட்டுக்கொள் என்று சொன்ன நிமிஷமே ஒரு பகுதி கூட்டம் திரும்பிப் போய்விடும்.

2. கூட்டம் நினைத்ததைப் போல 3 மடங்கு வந்தால் யார் தாங்குவது, யார் பணம் கட்டுவது?

3. ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல் உண்டா? குறைந்தபட்சம் குரல் மட்டுமாவது வருமா?

4. பார்க்கிறவரை யாராவது பார்க்கிறார்களா? (2009 ஜனவரியில் வெள்ளை மாளிகை வெப்சைட்டில் யூ டியூப் வீடியோ வைத்தபோது, பார்க்க வருகிறவர்களின் கம்ப்யூட்டரில் யூ டியூப் தன் அடையாளத்தைப் போட்டுவிட்டுப் போகிறதே என்று ஆட்சேபம் எழுந்தது. வீடியோவை அமுக்கிய பிறகுதான் அது நடக்கும்படி மாற்றினார்கள்.)

தம்பி கொண்டுபோய்க் காட்டினான். அங்கே பொறுப்பில் இருந்தவர் படித்துவிட்டுச் சிரித்தாராம். "தம்பி, மாநாட்டை எல்லாரும் பார்க்கணும்கறது இல்ல. பார்த்தவங்க போன் நம்பர் நமக்கு வேணும். அதுக்குத்தான் ஆப்பு."

அவர் 'ஆப்' என்பதை அப்படித்தான் உச்சரித்தாராம். உண்மை தானாக வாயில் வந்துவிடுகிறது.

ஆனால் தம்பி ஒரு காரியம் செய்தான். மூன்றாவது கேள்வியை மட்டும் மறக்காமல், ஆபத்துக்கு உதவும் என்று யூ டியூபில் ஒரு சாதாரண லிங்க்கைத் தயாராகத் தனியே வைத்துக்கொண்டான்.

மாநாட்டு நாள் வந்தது. சாயங்காலம் 6 மணி. தலைவர் மேடை ஏறினார். ஆப்பில் எல்லாரும் ஒரே சமயத்தில் நம்பரைத் தட்ட, ஓ.டி.பி. வரவே இல்லை. சிலருக்கு 10 நிமிஷம் கழித்து வந்தது. அதற்குள் அது காலாவதி. ஊரிலிருந்து அப்பா எனக்குப் போன் போட்டார். அவர் அந்தக் கட்சிக்கு 40 வருஷமாக ஓட்டுப் போடுகிறவர். இப்போது முழங்கால் வலி, மாநாட்டுக்குப் போக முடியாது. போனில் பார்க்கலாம் என்று மதியத்திலிருந்தே கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"டேய், போன்ல இடம் இல்லைங்குதுடா. இடம்னா என்ன, எங்கே போய் வாங்கறது?"

எனக்கு அண்ணாச்சியின் மருமகன் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் வெளியே நின்றது அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு. இன்றைக்கு அப்பா வெளியே நிற்பது அவருடைய சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு.

தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் அங்கே ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கேட்டு, கடைசியில் ஒன்றியத்துப் பிரமுகர் ஒருவர் "போட்டுத் தொலைடா" என்ற பிறகு, எட்டரை மணிக்கு அந்தச் சாதாரண லிங்க்கைத் திறந்துவிட்டான். ஐந்தே நிமிஷத்தில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் உள்ளே வந்தார்கள். அவ்வளவு நேரம் வாசலில்தான் நின்றிருக்கிறார்கள், பாவம்.

அடுத்த வாரம் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஆப் செய்த கம்பெனிக்கு முழுப் பணமும் செட்டில் ஆகிவிட்டது, தம்பிக்குப் பாக்கி இன்னும் வரவில்லை என்ற சேதியைச் சொல்லிவிட்டு, "மாநாடு பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன் பார்த்தேன்" என்றார் சந்தோஷமாக. "நன்றியுரை ரொம்ப நல்லா இருந்துச்சு!"